தாய்மையும் சர்க்கரையும்

உடலுக்கு வரும் நோய்களுள் சில, வலியாலும் காய்ச்சலாலும் வீக்கத்தாலும் தம் வரவைத் தாமே பறைசாற்றிக்கொண்டு வருவன. வேறு சில, ஓசையின்றி வந்து, ஓசையின்றித் தங்கி, தம் வேலையை முடித்த பின்னரே முகங்காட்டுவன. கருவுற்ற காலத்தில் தாய்மார்கள் சிலருக்கு உண்டாகும் நீரிழிவு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இதனைக் 'கர்ப்பகால நீரிழிவு' என்று மருத்துவர்கள் வழங்குவர். இந்நோயை உணர்ந்து அறிதல் இயலாது. அளந்தே அறிதல் வேண்டும். இதுவே இன்று நான் உங்களுக்கு எடுத்துரைக்க விரும்பும் செய்தியாகும். எதனை அளப்பது, எப்பொழுது அளப்பது, அளந்து கண்ட எண்ணைக்கொண்டு என்ன செய்வது என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

"பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் எங்களுக்கு இச்செய்தி எதற்கு?" என்று நீங்கள் வினவலாம். உங்கள் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருக்கும் பொழுது, மருத்துவ நிலையத்துக்குத் துணையாகச் செல்பவர் வீட்டில் படிக்கின்ற பிள்ளையாக இருத்தல் கூடும். செவிலியர் சீட்டில் எழுதித் தரும் எண்ணைப் படித்து, வீட்டாருக்குப் பொருள் சொல்ல வேண்டியவரும் நீங்களாகவே இருத்தல் கூடும். அந்த எண்ணுக்குப் பொருள் தெரிந்திருந்தால், ஒரு தாய்க்கும் ஒரு சேய்க்கும் நீங்கள் செய்யும் உதவி சிறிதன்று.

முதலில், குருதியில் சர்க்கரை எவ்வளவு உள்ளது என்று பார்ப்போம். நாம் உண்ணும் சோறும், இட்டிலியும், களியும், பழமும் செரித்து, குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாகக் குருதியில் கலக்கின்றன. உடல்நலமுள்ள ஒருவரின் குருதியில், உணவு உண்ணாத வேளையில், 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் குருதி சுமார் 5 லிட்டர். 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கொண்டால், 5 லிட்டருக்கு 5 கிராம். அஃதாவது, ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை! ஒரு நேரத்தில் நம் குருதி முழுவதிலும் இருப்பது இவ்வளவே. ஒரு வேளைச் சோற்றிலிருந்து இதனைப்போலப் பன்மடங்கு சர்க்கரை உள்ளே வருகிறது. அங்ஙனம் வந்தும் அளவு எல்லை மீறாமல் நிற்கிறது என்றால், அதனை ஓயாது காத்து நிற்கும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ? கணையத்தில் சுரக்கும் இன்சுலினே அது. குருதியில் உள்ள சர்க்கரையைத் தசைகளும் கொழுப்புத் திசுக்களும் ஏற்றுக்கொள்ளுமாறு செய்வதும், ஈரல் வேண்டாத வேளையில் சர்க்கரையை வெளிவிடாமல் தடுப்பதும் அதன் தொழில்.

இனி, கருவுற்ற தாயின் உடலில் நிகழும் மாற்றத்தைக் கவனிப்போம். கருப்பையில் வளரும் குழவிக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸே. தாயின் குருதியிலிருந்து நச்சுக்கொடியின் வழியாக அது குழவியைச் சென்றடைகிறது. அந்த நச்சுக்கொடி சும்மா இருப்பதில்லை. தானே பல ஹார்மோன்களைச் சுரந்து, தாயின் திசுக்கள் இன்சுலினுக்கு எளிதில் பணியாதவாறு செய்கிறது. இதனால், தாய் உண்ட உணவிலிருந்து வந்த சர்க்கரை சற்று நேரம் கூடுதலாகக் குருதியில் தங்கி, சேய்க்குப் போதிய அளவு கிடைக்கிறது. சேயை முன்னிட்டு இயற்கை செய்த ஏற்பாடு இது. கருவுற்ற காலத்தின் பிற்பாதியில், நச்சுக்கொடி வளர வளர, இன்சுலினுக்கு எழும் இந்த எதிர்ப்பும் வளர்கிறது. பெரும்பாலான தாய்மார்களின் கணையம் முன்னிலும் மிகுதியாக இன்சுலினைச் சுரந்து இதனை ஈடுகட்டிவிடுகிறது. சிலருடைய கணையத்தால் அவ்வாறு ஈடுகட்ட இயலுவதில்லை. அப்பொழுது குருதியில் சர்க்கரை ஏறுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு.

தாயின் குருதியில் ஏறிய சர்க்கரை சேயை என்ன செய்யும்? டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் நகரைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் என்னும் மருத்துவர் 1950-களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தாயின் சர்க்கரை நச்சுக்கொடியைக் கடந்து செல்லும். தாயின் இன்சுலின் கடந்து செல்லாது. எனவே, மிகுதியாக வந்து சேரும் சர்க்கரையைச் சமாளிக்கும் சுமை, சேயின் சின்னஞ்சிறு கணையத்தின் மேல் விழுகிறது. அது மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின், வந்த சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிச் சேர்க்கிறது. குழவி அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிறக்கும் பொழுது தலை வெளிவந்தும் தோள் சிக்கிக்கொள்ளும் இடர் நேரலாம். அறுவை மருத்துவம் தேவைப்படலாம். பிறந்த பின்னரும் ஓர் ஆபத்து உண்டு. தொப்புள்கொடி அறுபட்டவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. ஆனால் சேயின் கணையமோ பழைய வேகத்திலேயே இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. ஆகவே, பிறந்த சில மணி நேரத்தில் குழவியின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். பருத்த குழந்தையைக் கண்டு "கொழு கொழுவென்று பிறந்திருக்கிறது" என்று வீட்டார் மகிழ்வர். மருத்துவரோ அதன் குதிகாலில் ஒரு துளிக் குருதி எடுத்துச் சர்க்கரையைச் சோதிப்பார். காரணம் இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

இவ்வளவும் உள்ளே நிகழும்போது தாய்க்கு ஏதேனும் தெரியுமா? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், களைப்பு, தாகம் ஆகிய நீரிழிவின் அறிகுறிகள் கருவுற்ற பெண்கள் பலரிடம் இயல்பாகவே காணப்படுவன. ஆதலின், அவற்றைக்கொண்டு ஒன்றும் தேர்ந்து கூற முடியாது.

"சிறுநீரைச் சோதித்தால் தெரியாதா?" என்று வேதியியல் மாணவர் கேட்கக்கூடும். பெனிடிக்ட் கரைசலில் குளுக்கோஸ் நீரை விட்டுச் சூடாக்கினால், நீல நிறம் பச்சையாகவும் மஞ்சளாகவும் செங்கல் நிறமாகவும் மாறுவதை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். பல்லாண்டுகள் நீரிழிவை இம்முறையாலேயே கண்டுவந்தனர். ஆனால் கருவுற்ற பெண்ணிடம் இச்சோதனை இருபுறமும் பொய்க்கிறது. சாதாரணமாகக் குருதிச் சர்க்கரை 180 மில்லிகிராம் அளவைத் தாண்டும் பொழுதே சிறுநீரில் சர்க்கரை இறங்கும். கருவுற்ற காலத்திலோ சிறுநீரகங்கள் வடிகட்டும் நீரின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுவதால், குருதிச் சர்க்கரை சரியாக இருக்கும் பெண்ணின் சிறுநீரிலும் சர்க்கரை கசிதல் உண்டு. மறுபுறம், குருதிச் சர்க்கரை 150 வரை ஏறிச் சேயைத் தாக்கும் நிலையிலும் சிறுநீரில் சர்க்கரை காணாமல் போகலாம். ஆகவே, குருதியை நேரே அளத்தலே தக்க வழி.

எந்த அளவைத் தாண்டினால் நோய் என்று கொள்வது? இக்கோட்டை வரைந்த வரலாறு சுவையானது. 1964-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஓ'சல்லிவன் என்னும் மருத்துவரும் மகான் என்னும் புள்ளியியல் அறிஞரும், கருவுற்ற பெண்கள் 752 பேருக்குக் குளுக்கோஸ் கொடுத்துச் செய்த சோதனையின் எண்களை ஆராய்ந்து எல்லைகளை வகுத்தனர். பிற்காலத்தில் எந்தத் தாய்க்கு நிலையான நீரிழிவு வரும் என்று முன்கூட்டி அறிவதே அவர்கள் நோக்கமாயிருந்தது. சேய்க்கு நேரும் தீங்கை அளவுகோலாகக் கொண்டு, ஒன்பது நாடுகளில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய பேராராய்ச்சியின் முடிவு 2008-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. தாயின் சர்க்கரை படிப்படியாக ஏற, மிகுந்த எடையுடன் குழந்தை பிறத்தல் முதலிய இடர்களும் படிப்படியாகவே ஏறுகின்றன. இதற்கு இப்பால் நலம், அப்பால் நோய் என்று இயற்கை வரைந்த கோடு எதுவும் இல்லை என்பதை அது காட்டிற்று. கோடு வரைவோர் நாமே. எனவே, நாட்டுக்கு நாடு எல்லைகள் சற்று வேறுபடுதல் கண்டு நீங்கள் குழம்ப வேண்டுவதில்லை. 2013-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட எல்லைகள் இவை: வெறும் வயிற்றில் 92, 75 கிராம் குளுக்கோஸ் அருந்திய 1 மணி நேரத்தில் 180, 2 மணி நேரத்தில் 153 மில்லிகிராம், இம்மூன்றில் ஒன்றை எட்டினும் கர்ப்பகால நீரிழிவு. கருவுற்ற பெண்ணின் வெறும் வயிற்றுச் சர்க்கரை மற்றவர்களினும் தாழ்ந்திருத்தல் இயல்பு. ஆதலால், அவள் தம்பிக்குச் சரியான எண் அவளுக்குச் சரியென்று கொள்ளுதல் கூடாது.

நம் தமிழ்நாட்டில் கைக்கொண்ட முறை வேறொன்று. நெடுந்தொலைவிலிருந்து பேருந்து ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கருவுற்ற பெண்ணை, "நாளை வெறும் வயிற்றோடு வா" என்று திருப்பி அனுப்பினால், அவள் மறுநாள் வருவாளா? பலர் வருவதில்லை. சென்னையைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் வி. சேஷய்யாவும் அவருடன் பணிபுரிந்தோரும் இதனைக் கருத்திற்கொண்டு, உண்டு வந்தாலும் உண்ணாமல் வந்தாலும் ஒரே நாளில், ஒரே சோதனையில் முடிவு காணும் முறையை வகுத்தனர். 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இச்சோதனை செய்யப் பணித்தது. 2014-ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகளும் இதனையே ஏற்றன. வெறும் வயிற்றில் செய்யும் சோதனையோடு ஒப்பிடுகையில் இம்முறை சிலரைத் தவறவிடுகிறது என்று கூறும் ஆராய்ச்சியாளர்களும் உளர். ஆயினும், செய்யாமல் விட்ட சிறந்த சோதனையினும், செய்து முடித்த எளிய சோதனை பலருக்குப் பயன்படும் என்பது இம்முறையின் அடிப்படை.

அதனைச் செய்யும் விதம் இது. 75 கிராம் குளுக்கோஸ் தூளைச் சுமார் 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் அருந்தச் செய்வர். முன்னர் நாம் போட்ட கணக்கின்படி, குருதி முழுவதிலும் உள்ள சர்க்கரையைப்போல இது பதினைந்து மடங்கு. இவ்வளவையும் உடல் எங்ஙனம் சமாளிக்கிறது என்று காண்பதே சோதனை. சரியாக 2 மணி நேரம் கழித்துக் குருதியில் சர்க்கரையை அளப்பர். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வர். அருந்திய 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் வேறொரு நாள் மீண்டும் செய்தல் வேண்டும். கருவுற்ற பெண் முதன்முதலாக மருத்துவ நிலையத்துக்கு வரும் பொழுது ஒரு முறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மற்றொரு முறையும் இச்சோதனை நடைபெறும். முதல் சோதனையில் ஒன்றும் இல்லையென்று கண்டபின் இரண்டாவது எதற்கு என்று பலர் விட்டுவிடுகின்றனர். இது பெரும்பிழை. இன்சுலினுக்கு எதிர்ப்பு வலுப்பெறுவது பிற்பாதியில்தான் என்பதை முன்னரே கண்டோம். முதல் சோதனை முன்பே இருந்ததைக் காட்டும். இரண்டாவதே புதிதாக வந்ததைக் காட்டும்.

நோய் இருப்பதாகத் தெரிந்தபின், அளத்தல் வீட்டுக்கு வருகிறது. கையளவுக் கருவியொன்றில் மெல்லிய பட்டையைச் செருகி, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி எடுத்த ஒரு துளிக் குருதியை அதில் தொட்டால், சில நொடிகளில் எண் தோன்றுகிறது. பட்டையில் தடவியுள்ள நொதி, குளுக்கோஸோடு வினைபுரிந்து எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. அம்மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை என்று கருவி கணித்துக் கூறுகிறது. நொதியையும் மின்முனையையும் இவ்வாறு இணைக்கலாம் என்னும் கருத்தை 1962-ஆம் ஆண்டில் லீலண்டு கிளார்க்கு என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். சோதிக்குமுன் கையைக் கழுவித் துடைத்தல் வேண்டும். மாம்பழம் தொட்ட விரலில் எடுத்த துளி பொய்யான பெரிய எண்ணைக் காட்டிவிடும். பொதுவாக, வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், உண்ணத் தொடங்கி 1 மணி நேரத்தில் 140-க்குக் கீழும், 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழும் இருத்தல் நன்று. எத்தனை முறை அளப்பது என்பதை மருத்துவர் வகுத்துரைப்பார். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் நேரத்தையும் உண்ட உணவையும் குறித்து வைத்தால், எந்த உணவுக்குப்பின் சர்க்கரை ஏறுகிறது என்பது தானே விளங்கும். இந்தக் குறிப்பேட்டை எழுதிக் கொடுக்கும் பணியை நீங்கள் ஏற்கலாம்.

இனி, மருத்துவ நிலையங்களில் நான் பலமுறை கேட்ட சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. "நான் இனிப்பே தொடுவதில்லையே, டாக்டரம்மா, எனக்கு எப்படி வந்தது?" என்று தாய் கலங்குவாள். "வாயைக் கட்டினால்தானே!" என்று உடன் வந்த மாமியார் கடிந்துகொள்வார். இரண்டுமே பொருந்தாதவை. நச்சுக்கொடியின் ஹார்மோன்களும், குடும்ப வழியும், வயதும், உடற்பருமனும் கூடி விளைவிப்பது இந்நோய். பலகாரம் தின்ற குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை அன்று. பழிக்கு அஞ்சும் தாய், சோதனைக்கும் அஞ்சுவாள். எண்ணை மறைக்கவும் முற்படுவாள். ஆகவே, கடிந்து பேசாதிருத்தலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

"இருவருக்காக உண்ண வேண்டும்" என்று அன்பின் மிகுதியால் சோற்றைக் குவிப்பதும் தீங்கு. அஞ்சிப் பட்டினி கிடப்பதும் தீங்கு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது போல, அளவுக்குக் குறைந்தாலும் சேய் வாடும். சோற்றையும் இட்டிலியையும் அறவே விலக்க வேண்டுவதில்லை. ஒரே வேளையில் மிகுதியாக உண்ணாமல் மூன்று வேளை உணவாகவும் இடையிடையே சிற்றுணவாகவும் பகிர்ந்து, பருப்பு, பயறு, கீரை, காய்கறி, முட்டை அல்லது மீன் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். மருத்துவர் தடுக்காதவரை நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கலாம். பெரும்பாலோருக்கு இவ்வளவே போதுமானதாகிவிடுகிறது. இரண்டு வாரம் இவ்வாறு இருந்தும், உணவுக்குப்பின் 2 மணி நேரச் சர்க்கரை 120-க்குக் கீழ் இறங்காவிட்டால், மருத்துவர் மருந்து தொடங்குவார். இன்சுலின் ஊசி என்றதும் அஞ்சுதல் வேண்டா. அது நச்சுக்கொடியைக் கடந்து சேயைத் தொடுவதில்லை.

இவ்வளவு பாடுபடுவதனால் பயன் உண்டா? உண்டு. ஆஸ்திரேலிய அறிஞர்கள் 1,000 பெண்களிடம் நடத்தி 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்குக் கடுமையான இடர் நேர்ந்தது. உணவு அறிவுரையும், சர்க்கரை அளத்தலும், தேவையானவர்க்கு இன்சுலினும் பெற்றோரின் குழந்தைகளில் அது நூற்றுக்கு 1 ஆகக் குறைந்தது. இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பெற்ற 1922-ஆம் ஆண்டுக்குமுன், நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் தாயும் சேயும் ஒருங்கே பிழைத்தல் அரிதாக இருந்தது. அந்நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், அறிவியல் கடந்து வந்த தொலைவு புலப்படும்.

குழந்தை பிறந்து நச்சுக்கொடி வெளிவந்தவுடன், எதிர்ப்பு செய்த ஹார்மோன்களும் மறைகின்றன. பெரும்பாலோருக்குச் சர்க்கரை சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. "போயிற்று நோய்" என்று வீட்டார் குறிப்பேட்டை மூடிவிடுகின்றனர். உண்மையில், மூடக்கூடாத ஏடு அதுவே. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு வரை மிகுதி. அவளுடைய கணையம் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைத் தாய்மை முன்கூட்டியே சோதித்துக் காட்டிவிட்டது. பாஸ்டன் அறிஞர்கள் 1964-இல் தேடியதும் இந்த முன்னறிவிப்பையே. ஆகவே, மகப்பேற்றுக்கு 6 வாரங்கள் கழித்து, வெறும் வயிற்றிலும் 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரத்திலும் மீண்டும் அளத்தல் வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அளத்தல் நன்று. குழந்தைக்குத் தடுப்பு மருந்து போடும் நாளை மறவாத குடும்பங்களும், தாய்க்குரிய இச்சோதனையை மறந்துவிடுகின்றன. தடுப்பு மருந்துக்காகச் செல்லும் நாளிலேயே தாயின் சோதனையையும் முடித்துவிடலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் ஒருவர் கருவுற்றிருந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். முதல் வருகையில் குருதிச் சர்க்கரை அளந்தார்களா? 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் அளந்தார்களா? நோய் இருந்ததென்றால், மகப்பேற்றுக்குப்பின் ஆறாம் வாரத்தில் அளக்க நாள் குறித்தாயிற்றா? இம்மூன்றனுள் ஒன்றற்கு "இல்லை" என்று விடை வந்தால், அடுத்த நாளே உடன் சென்று காத்திருங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்கு உங்கள் பாடப்புத்தகத்தையும் எடுத்துச் செல்லலாம்.